பலகையில் மூன்று எழுத்து

கத்தரியம்மாவுக்கும் அவளுடைய சம்பந்திக்கும் ஏழாம் பொருத்தம். மகளின் கல்யாணப் படத்தில் சம்பந்தியின் முகம் பாதிதான் விழுந்திருந்தது. மீதிப் பாதியை வெட்டி எறிந்தவள் கத்தரியம்மாதான் என்று சம்பந்தி முடிவே கட்டிவிட்டாள். உண்மையில் அது படம் எடுத்தவனின் கைவண்ணம். ஆனால் ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டியே பிழைத்தவள் அவள்; கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பட்டப்பெயரே கத்தரியம்மா. சந்தேகம் வேறு யார் மேல் விழும்?

தொழிற்சாலையை மூடியதும் கத்தரியம்மா வீட்டோடு இருந்தாள். சம்பந்தியும் மணப்பெண் உடைக் கடையில் பார்த்த கைத்தையல் வேலையை, முதலாளியோடு முட்டிக்கொண்டு விட்டிருந்தாள். ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து, மாறி மாறிப் போன் போட்டு மகளின் உயிரை வாங்கினார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மகள், ஒருநாள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு சாவியை மேசைமேல் வைத்தாள்.

“பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல ஒரு கடை பிடிச்சிருக்கேன். கிழிஞ்சது, நீளமானது, இறுக்கமானது எல்லாம் சரிபண்ணித் தர்ற கடை. அம்மா வெட்டட்டும், அத்தை தைக்கட்டும். என்னைக் கொஞ்சம் ஆபீஸ் வேலை பாக்க விடுங்க.”

“அதெல்லாம் சரி, கடைக்கு யார் பேரு?” என்றாள் சம்பந்தி.

மகள் அதையும் யோசித்து வைத்திருந்தாள். நீலப் பலகையில் மூன்றே மூன்று ஆங்கில எழுத்து: ஏ, எஸ், ஏ. “அம்மாவுக்கு ஒரு ஏ, அத்தைக்கு ஒரு ஏ. நடுவுல சம்பந்திக்கு எஸ்.”

“முதல் ஏ யாரோடது?” என்று கத்தரியம்மா கேட்டாள்.

“அத நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க” என்று மகள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எழுத்துக்குக் கீழே ஊசிப் படம் போடலாம் என்றாள் சம்பந்தி. அப்படியானால் கத்தரிக்கோலும் வேண்டும் என்றாள் கத்தரியம்மா. எது மேலே எது கீழே என்று பேசிப் பேசி, கடைசியில் படமே இல்லாமல் பலகை ஏறியது.

கடை திறந்தும் ஈ காக்கை வரவில்லை. பலகையைப் பார்த்தால் அது தையல் கடை என்று யாருக்குத் தெரியும்? பல நாட்டுக்காரர்கள் குடியேறிய அந்தத் தெருவிலோ பத்துப் பேர் நின்றால் பத்து மொழி கேட்கும்.

முதலில் வந்தவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர். தலைவலி மாத்திரை கேட்டார். அவர் ஊரில் ஆஸ்பிரின் டப்பாவில் இதே மூன்று எழுத்தைத்தான் சுருக்கமாகப் போடுவார்களாம். கத்தரியம்மா அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிப்பதற்குள், கோட்டில் தொங்கிக்கொண்டிருந்த பொத்தானைச் சம்பந்தி இழுத்துத் தைத்துவிட்டாள். “தலைவலி போகல, ஆனா மனசு லேசாயிடுச்சு” என்று பெரியவர் சிரித்துக்கொண்டே போனார்.

அடுத்து ஒரு ஜப்பானியப் பெண். மூடிய கதவுக்கு வெளியே வெகுநேரம் நின்றிருந்தாள் போல. கத்தரியம்மா சாவியோடு வந்ததும் கைக்கடிகாரத்தைக் காட்டினாள். “பலகையில ‘காலை’ன்னு போட்டிருக்கீங்க. காலையில வந்தா பூட்டிக் கிடக்குது.” மூன்று எழுத்தையும் சேர்த்து ‘அசா’ என்று படித்திருக்கிறாள்; அவள் மொழியில் அப்படியென்றால் காலைப் பொழுதாம். மன்னிப்புக் கேட்டு அவளுடைய பாவாடையை வாங்கி வைத்த கத்தரியம்மா, மறுநாளிலிருந்து விடிந்ததும் கடையைத் திறந்தாள். வேலைக்கு ஓடுகிறவர்கள் பஸ் வருவதற்குள் துணியைக் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

பிறகு ஸ்பானிய மொழி பேசும் ஒருத்தி காதறுந்த கைப்பையோடு வந்தாள். பையின் பிடிக்கு அவர்கள் சொல்லும் பெயரே ‘அசா’. “பையோட பிடிக்குன்னே தனியா ஒரு கடையான்னு பாத்தேன்” என்றாள். அது தையல் கடைதான் என்று சொல்லக் கத்தரியம்மா வாயைத் திறப்பதற்குள், சம்பந்தி பையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“வர்றவங்க எல்லாம் நம்ம கடையை வேற எதுன்னோ நினைச்சு வர்றாங்க” என்றாள் கத்தரியம்மா.

“நினைச்சுட்டுப் போகட்டுமே. வர்றாங்கல்ல?”

சம்பந்தி சொன்னது சரியாகவும் இருக்கும் என்பதைக் கத்தரியம்மா அன்றுதான் முதன்முதலாக ஒப்புக்கொண்டாள். வாய்விட்டு அல்ல, மனசுக்குள்.

இப்படி இருக்கும்போதுதான் நாடக ஆசிரியை வந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுப்பவள்; போர்த்துகீசிய மொழிக்காரி. ஓடுகிற பஸ்ஸிலிருந்து பலகையைப் பார்த்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மூச்சிரைக்கத் திரும்பி வந்திருந்தாள்.

“நீங்க இறக்கை செய்யுறவங்கதானே?”

அவள் மொழியில் ‘அசா’ என்றால் இறக்கை.

“இல்லைங்க, நாங்க...” என்று கத்தரியம்மா இழுத்தாள்.

“ஆமா” என்றாள் சம்பந்தி. “எத்தனை ஜோடி வேணும்?”

ஒரு வகுப்பு முழுவதும் பறவைகளாம். ஆசிரியை கைகூப்பாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனதும் கத்தரியம்மா பிடித்துக்கொண்டாள். “கால்சட்டையை மடிச்சுத் தைக்கிறதுக்கும் இறக்கை செய்யுறதுக்கும் என்ன சம்பந்தம்?”

“இனிமே சம்பந்தம்தான். நீங்க வெட்டுங்க, நான் தைக்கிறேன்.”

பழைய திரைச்சீலைத் துணியில் கத்தரியம்மா ஒவ்வொரு இறகாக வெட்டினாள். சம்பந்தி மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தோளில் மாட்டிப் பார்த்தால், மழையில் நனைந்த கோழி மாதிரி தொங்கியது. அட்டை வைத்தார்கள், மடங்கியது. கம்பி வைத்தார்கள், குத்தியது. சம்பந்திக்கு முகம் வாடிவிட்டது. அவசரப்பட்டு வாயைக் கொடுத்துவிட்டோமே என்று அவள் முணுமுணுத்தபோது, கத்தரியம்மாவுக்குக் கோபம் வரவில்லை. ஏனோ பாவமாக இருந்தது.

அன்று சாயங்காலம் காற்றும் மழையும். ஜன்னல் வழியே கத்தரியம்மா வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நிறுத்தத்தில் ஒருவரின் குடை காற்றில் புரண்டு மேல்நோக்கி விரிந்தது. அவர் அதைக் குப்பைத்தொட்டியில் திணித்துவிட்டுப் பஸ் ஏறினார். கத்தரியம்மா மழை என்றும் பாராமல் தெருவைக் கடந்து ஓடி, அந்தக் குடையோடு நனைந்து வந்து நின்றாள்.

“என்ன சம்பந்தி, பைத்தியம் பிடிச்சிருச்சா?”

“இந்தக் கம்பியைப் பாருங்க. இழுத்தா விரியுது, விட்டா மடங்குது.”

சம்பந்தி கம்பியை வாங்கி விரித்தாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள். “அடி ஆத்தா” என்றாள் மெதுவாக. ஈரத் தலையைத் துவட்ட அவள் தன் முந்தானையையே எடுத்துக் கொடுத்தாள்.

கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிவைக்க, தெருவே உடைந்த குடைகளைக் கொண்டுவந்து குவித்தது. தலைவலிப் பெரியவர் மட்டும் நல்ல குடையைக் கொடுத்துவிட்டு, அது உடைந்ததுதான் என்று சாதித்தார். குடைக் கம்பிகளை இறக்கைக்குள் வைத்துத் தைத்து, இழுத்தால் விரியும்படி கயிறு கட்டினார்கள்.

நாடகத்தன்று இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பிள்ளைகள் வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் கயிற்றை இழுத்தார்கள். படபடவென்று எல்லா இறக்கைகளும் விரிந்தன. அரங்கம் ‘ஆ’ என்றது.

ஆனால் ஓரத்தில் நின்ற குட்டிப் பெண்ணுக்கு ஒரு பக்கம்தான் விரிந்தது. இன்னொரு பக்கம் நூல் சிக்கி நின்றுவிட்டது. அவள் இழுத்தாள், இழுத்தாள். உதடு பிதுங்கத் தொடங்கியது.

யோசிக்க நேரமில்லை. சம்பந்தி படியேறிவிட்டாள்; கையில் ஊசி. பின்னாலேயே கத்தரியம்மா, கத்தரிக்கோலோடு. மேடை வெளிச்சத்தில், அத்தனை பேர் முன்னால், இருவரும் மண்டியிட்டார்கள்.

“இங்க வெட்டுங்க. பாத்து, பாத்து.”

“எனக்குத் தெரியாதா? நீங்க முடிச்சைப் போடுங்க.”

ஆசிரியை கெட்டிக்காரி. பிள்ளைகளிடம் ஏதோ சைகை காட்டினாள். பறவைகள் எல்லாம் இரண்டு பெண்களையும் சுற்றி வட்டமிட்டுப் பறந்தன. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சம்பந்தி நகர்ந்ததும், குட்டிப் பெண் கயிற்றை இழுத்தாள். இறக்கை விரிந்த வேகத்தில் கத்தரியம்மாவின் மூக்கில் ஒரு அடி. கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. இதுவும் நாடகம்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். வேறு வழி தெரியாமல் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு குனிந்து வணங்கினார்கள்.

நாடகம் முடிந்த பிறகு குட்டிப் பெண் இறக்கையைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அவள் அம்மா கெஞ்சினாள், மிரட்டினாள், கடைசியில் இவர்களைப் பார்த்தாள்.

“இருக்கட்டும், விடுங்க” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஆளுக்கொரு கதவைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நிற்க, விரிந்த இறக்கை இடிக்காதபடி ஒருக்களித்து ஒருக்களித்து, குட்டிப் பெண் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி ஓடினாள்.