தகப்பன் தட்டில் மீந்தது

பிரசங்கத்தில் ‘மடி’ என்ற சொல் வந்தபோதே தோவாக்காசேவுக்குச் சிரிப்பு முட்டிவிட்டது.

போதகர் ஃபெலேதி நியூசிலாந்தின் ஆக்லாந்தில் படித்துவிட்டுப் புதிதாகத் தொங்காவின் ஹாப்பாய்த் தீவுக்கு வந்தவர். கடவுள் நம் தகப்பன், ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக்கொள்ளுங்கள் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கோயில் முழுக்க இருந்த தொங்காக்காரர்கள், நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தகப்பன் மடிப்பக்கம் போகாதவர்கள், பாயைப் பார்த்தபடி ‘ஆமென்’ சொன்னார்கள்.

தொங்கா வீடு இயங்கும் விதம் வேறு. சகோதரனுக்கு மேலே சகோதரி. ஆகவே தகப்பனுக்கும் மேலே அத்தை. பிள்ளைகளுக்கு மேலே தகப்பன். மேலே இருப்பவரின் பொருள்களைச் சுற்றி ஒரு வேலி உண்டு, அதற்குத் தபு என்று பெயர். தகப்பன் தலையைத் தொடக்கூடாது. அவர் தலையணையில் சாயக்கூடாது. எல்லாவற்றையும்விட, அவர் தட்டில் மீந்ததைத் தின்னக்கூடாது. கொஞ்சுவதற்குத் தாய்மாமன் இருக்கிறான். அவன் கையிலிருப்பதைப் பிடுங்கியே தின்னலாம். இப்படிக் கண்டிப்பு ஒரு பக்கம், செல்லம் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருப்பதால்தான் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் ஓடுகின்றன.

அன்று மதியம் போதகர் நோயாளியைப் பார்க்க அவள் வீட்டுக்கே வந்தார். தோவாக்காசேவின் தகப்பன் மொசேசேவுக்கு வாதம் அடித்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. வலது கை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சாப்பிட மறுத்தார். ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். மிச்சம் பன்றிக்குப் போகும். இப்படியே போனால் ஆள் தாங்கமாட்டார் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

தோவாக்காசே மண் அடுப்பிலிருந்து எடுத்த லூ பொட்டலத்தைப் பிரித்துத் தகப்பன் முன் வைத்தாள். சேம்பு இலையில் ஆட்டிறைச்சியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து வெந்த மணம் அறை முழுக்கப் பரவியது. மொசேசே ஒரு வாய் தின்றார். தட்டைத் தள்ளினார்.

அவள் கோபம் போதகர்மேல் பாய்ந்தது.

“போதகரே, அந்த மடி விஷயம். உங்க அப்பா மடியில நீங்க எப்ப கடைசியா ஏறினீங்க?”

“அது ஒரு உவமைதான் தோவாக்காசே...”

“உவமைக்குத் தாய்மாமன் கிடைக்கலையா? கடவுள் நம்ம மாமன்னு சொல்லியிருந்தா ஊரே கைதட்டியிருக்கும். ஆக்லாந்துல மாமன் எல்லாம் கிடையாதோ?”

போதகர் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டார். “கடவுள் தம்ம பந்தியிலேயே நம்மளை உட்கார வைக்கிறாரு. அன்புள்ள தகப்பன்...”

“தகப்பன் பந்தியில பிள்ளையா? நல்லா இருக்கு! உங்க வீட்டுல உங்க மக உங்களுக்கு விசிறிட்டு, அடுப்படியில போய்த்தானே சாப்பிடுறா? போன ஞாயிறு என் கண்ணால பார்த்தேன்.”

போதகர் வேகவேகமாக விசிறிக்கொண்டார்.

மெத்தையிலிருந்து ஒரு கரகரப்பு வந்தது. மொசேசே சிரிக்கிறார் என்று புரியவே அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. அவர் வலது கையால் தட்டை மறுபடி நகர்த்தினார். இம்முறை அவளை நோக்கி.

“தின்னு.”

“அப்பா?”

“தின்னுன்னேன்.” வாய் கோணியதால் சொற்கள் வழுக்கிக்கொண்டு வந்தன.

“ஐயோ, வேண்டாம்ப்பா. உங்க தட்டுப்பா அது.”

“போதகரை அந்தப் போடு போட்டியே. இப்ப நடுங்குறது யாரு?”

அவளுக்கு முகம் சுட்டது.

“எனக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து பெரிய துண்டு என் தட்டுக்குத்தான். சுத்தி நின்னு எல்லாரும் பார்ப்பீங்க. ஒருத்தரும் பக்கத்துல உட்கார மாட்டீங்க.” மூச்சு வாங்கியது. “உங்க அத்தை வந்தா அவ ஒசந்த இடத்துல உட்காருவா. நான் ஒத்தையா தின்னு தின்னு அலுத்துட்டேன். பன்றிதான் கொழுக்குது.”

“அப்பா மிச்சத்தைத் தின்னா தொண்டை வீங்கிடும்னு சொல்லித்தானே வளர்த்தீங்க?”

“வீங்கட்டும். நீ தின்னாத்தான் நான் தின்பேன்.”

அவள் போதகரைப் பார்த்தாள். அவரும் தொங்காக்காரர்தான். அவர் கண்களில் இருந்த பயம் அவளுடைய பயத்துக்குச் சற்றும் குறைவில்லை. இவரிடமிருந்து ஓர் உதவியும் வராது என்று தெரிந்தது.

தகப்பன் விரல் பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே விரலை வைத்து ஒரு துண்டைக் கிள்ளினாள். வாயில் போட்டுக் கண்ணை மூடி விழுங்கினாள். வீட்டுக் கூரை இருந்த இடத்திலேயே இருந்தது.

மொசேசே தட்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு வாய் வைத்தார். மென்றார். அடுத்த வாய். பிறகு தட்டை இருவருக்கும் நடுவில் நிறுத்தினார். அவள் முட்டி போட்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

“உப்பு பத்தலை,” என்றார். “இத்தனை வருஷமா இதைத்தான் எனக்குப் போட்டியா?”