டப்பா ராணி எதிர்ப்புக் குழு

என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வாயைத் திறந்தால் "மேல பாருங்க, கீழ பாருங்க" என்பதோடு சரி. வீட்டில் அதுவும் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷருக்குத் திடீரென்று முந்நூறு சொந்தக்காரர்கள் முளைத்தார்கள்.

எல்லாம் ஒரு பெண்ணின் புண்ணியம். சமையலறை டப்பாக்களை எப்படி அடுக்குவது என்று வீடியோ போடுகிறவள். அவளைத் திட்டுவதற்கென்றே ஒரு வாட்ஸாப் குழு, இவரும் அதில் சேர்ந்துகொண்டார். அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் டப்பா ராணி. அவள் மூடியைத் திறந்தால் குற்றம், மூடினால் குற்றம். ஆனால் தங்களுக்குள் பாசம் பொங்கி வழியும். சாப்பிட்டாச்சா, உடம்பைப் பாத்துக்கோங்க அண்ணா. என் மாமியாருக்கு ஆபரேஷன் என்றதும் லீவு போட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்தார்கள். கூடப்பிறந்த தம்பி போன்கூடப் பண்ணவில்லை. இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதார். பொய் சொல்வானேன், எனக்கும் கண் கலங்கியது.

ஒருநாள் டப்பா ராணியே கடைக்கு வந்தாள். கண்ணாடி காதில் அழுத்துகிறதாம். இவர் பிரேமை வளைத்துச் சரிசெய்து மாட்டிவிட்டார். "ரொம்ப நன்றிண்ணா, இப்பத்தான் நிம்மதியா இருக்கு" என்றாள். மனுஷர் அதிலேயே கவிழ்ந்துவிட்டார். குழுவில் போய், "நேர்ல நல்லாத்தான் பேசுறாங்க" என்று எழுதித் தொலைத்தார்.

"விலை போயிட்டீங்களே அண்ணா" என்று ஒருவர் ஆரம்பித்தார். கொடுத்த ரத்தத்தைத் திருப்பிக் கேட்காததுதான் பாக்கி. சாயங்காலத்துக்குள் இவரை நீக்கிவிட்டு, இவரைத் திட்டுவதற்கென்று தனியாக இன்னொரு குழு தொடங்கினார்கள்.

இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "சாப்பிட்டியான்னு கேக்க ஒரு நாதி இல்ல" என்றார்.

"நான் கேட்டேனே."

"நீ கேக்கிறது வேற."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

அடுத்த வாரம் பார்த்தால், சோபாவில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். வேறு நம்பர், வேறு பெயர். தன்னைத் திட்டுகிற குழுவிலேயே போய்ச் சேர்ந்திருக்கிறார்.

"என்ன எழுதுனீங்க?"

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறான், அவனுக்கு ஆளைப் பாக்கத் தெரியலன்னு போட்டேன். எல்லாரும் கைதட்டுறாங்க. எங்க தம்பி இருந்தீங்க இவ்வளவு நாளான்னு கேக்குறாங்க." சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சோபா பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னையும் சேத்துவிடுங்க. அந்தாளைப் பத்தி எனக்குத்தான் நிறையத் தெரியும்" என்றேன்.

"வா, உக்காரு" என்று நகர்ந்து இடம் விட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவ்வளவு ஆசையாக அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை.