அட்ராக்டாவின் எதிர்க்கட்சி

கவுன்சிலர் கில்ஹூலி இரண்டாவது துண்டு ஆப்பிள் பை பலகாரத்தை முடித்துவிட்டு, கோட்டில் சிந்திய தூளைத் தட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்ன விஷயத்தைக் கேட்டு அட்ராக்டா டீ ஊற்றுவதைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"இந்தத் தடவை உங்களுக்கு ஒரு தொல்லையும் இல்ல, அட்ராக்டா. நம்ம கட்சியும் ஆமாம்னு சொல்லுது, உங்க தம்பி கட்சியும் ஆமாம்னு சொல்லுது. அவரும் போடட்டும், நீங்களும் போடுங்க. வீட்டுல அடைஞ்சு கிடக்க வேணாம்."

"அப்போ மாலக்கி இங்க வர மாட்டானா?"

"எதுக்கு வரணும்? ரெண்டு பேரும் ஒரே பக்கம். யாருக்கு யார் காவல்?" என்று சிரித்துவிட்டு, ஐரோப்பிய நாடுகளின் லிஸ்பன் ஒப்பந்தத்தை ஏற்கலாமா என்று நாடு முழுக்க நடக்கப்போகும் வாக்கெடுப்பில் ஆமாம் போடச் சொல்லும் துண்டுத்தாள் ஒன்றை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மனிதர் ஆப்பிள் பை தின்னத் தெரிந்த அளவுக்கு முகம் பார்க்கத் தெரியாதவர்.

விஷயம் இதுதான். அயர்லாந்தில், லீட்ரிம் மாவட்டத்து டிரம்கெல்லாப் பக்கம் ஒரு குழந்தை பிறக்கும்போதே எந்தக் கட்சி என்று முடிவாகிவிடும். தாத்தாக்கள் காலத்தில் நாடு இரண்டாகப் பிரிந்து சுட்டுக்கொண்டதே, அதில் யார் வீட்டு ஆள் எந்தப் பக்கம் நின்றாரோ அதுதான் கட்சி. அட்ராக்டா பிறந்தது ஃபியனா ஃபாயில் கட்சி வீட்டில். கோல்மனைக் கல்யாணம் செய்துகொண்டு போனது எதிர்க்கட்சியான ஃபினா கேல் வீட்டுக்கு; அவள் ஓட்டும் கூடவே போய்விட்டது. கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் தேர்தலில் தம்பி மாலக்கி ஒரு யோசனை சொன்னான். "நீ போடறதை நான் கழிக்கப் போறேன், நான் போடறதை நீ கழிக்கப் போற. எதுக்கு மழையில நனையணும்? நீயும் போகாத, நானும் போகல." அந்தப் பக்கத்தில் இப்படி ஜோடி சேர்ந்து கழித்துக்கொள்வது புதிதல்ல. கை குலுக்கிக்கொண்டார்கள்.

அப்புறம் அப்பா செத்துப்போனார். சவப்பெட்டியைத் தோளில் சுமக்க ஆள் கூப்பிட்டபோது மாலக்கி பக்கத்து ஊர்க்காரர்களை எல்லாம் கூப்பிட்டான். சொந்த மாப்பிள்ளை கோல்மனை மட்டும் கூப்பிடவில்லை. கோல்மன் கல்லறைச் சுவரோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கே அட்ராக்டா தம்பியிடம், இனிமேல் என் வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டாள். மாலக்கியும் மிதிக்கவில்லை, ஓட்டு நாள் தவிர. ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே, ஆனால் பேசாத அக்காளை எப்படி நம்புவது? அதனால் ஓட்டுச்சாவடி திறக்கும் நேரத்துக்கு வந்து, ஜன்னலோர நாற்காலியில் அவள் கார் கண்ணில் படும்படி உட்கார்ந்துகொள்வான். சாவடி மூடும்வரை அசைய மாட்டான். காலையில் மௌனம். மத்தியானம் பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் வைத்தால், "உப்பு இருக்கா?" என்பான். சாயங்காலம் சீட்டுக்கட்டு வெளியே வரும். அதற்குள் அம்மாவைப் பற்றி, செத்துப்போன நாயைப் பற்றி, சின்ன வயசில் ஏரியில் விழுந்ததைப் பற்றி எப்படியோ பேச்சு வந்துவிடும். மணி பத்தடித்ததும் எழுந்து, "நியாயமா முடிஞ்சது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவான். அடுத்த ஓட்டுவரை அவர்களுக்குள் பேச்சு இல்லை.

கோல்மனும் இறந்துபோனான். பெண்கள் இரண்டும் ஆஸ்திரேலியாவில். இப்போது அந்த வீட்டில் அட்ராக்டாவின் ரத்தம் என்று சொல்ல ஒரு ஆள் வந்து உட்கார்வது ஓட்டு நாளில் மட்டும்தான். அதற்கும் ஐரோப்பா வேட்டு வைத்துவிட்டது.

விவாகரத்தை அனுமதிக்கலாமா என்று நாட்டைக் கேட்டு ஓட்டெடுத்த சமயத்தில்கூட இப்படி ஒரு சங்கடம் வரவில்லை. அட்ராக்டா அனுமதிக்கலாம் என்றாள். கல்யாணமே ஆகாத மாலக்கி, கூடவே கூடாது என்றான். அழகாகக் கழிந்தது. இந்த லிஸ்பன் ஒப்பந்தத்தில் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இல்லை.

வீட்டுக்கு வீடு அனுப்பிய விளக்கப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். இந்த ஒப்பந்தம் முந்தைய ஒப்பந்தங்களைத் திருத்துகிறது என்று போட்டிருந்தது. முந்தைய ஒப்பந்தங்கள் என்ன என்று யாருக்குத் தெரியும்? அவற்றுக்கும் இந்த வீட்டில் இரண்டு பேரும் ஓட்டுப் போடவில்லையே. வானொலியைத் திருப்பினால் காலையில் ஒருவர், நம் பிள்ளைகளை ஐரோப்பிய ராணுவத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றார். மத்தியானம் இன்னொருவர், யாரையும் பிடிக்க மாட்டார்கள், அது பொய் என்றார். ஒருத்தி, ஐரோப்பாவின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் நமக்கென்று இருக்கும் ஆள் போய்விடுவார் என்று அழாத குறையாகப் பேசினாள். அப்படி ஒரு ஆள் இருப்பதே அட்ராக்டாவுக்கு அன்றுதான் தெரியும். ரோடு போட்டுக் கொடுத்தது ஐரோப்பா. சதுப்பு நிலத்தில் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டக் கூடாது என்று மிரட்டுவதும் ஐரோப்பா. நல்லவனா கெட்டவனா? தலை சுற்றியது.

தலை சுற்றலிலும் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. மாலக்கி கட்சிக்காரன், கட்சி சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் போடுவான். அவன் வர வேண்டுமென்றால் அவள் வேண்டாம் என்று நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் வேண்டாம் கோஷ்டிப் பெண் ஒருத்தி மழையில் நின்று துண்டுத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தாள். அட்ராக்டா நேராகப் போய், "இருக்கிறதுலயே பெரிய போஸ்டரா ஒண்ணு கொடும்மா" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு வாயெல்லாம் பல். "இந்த ஒப்பந்தத்துல உங்களுக்கு ரொம்பப் பயமா இருக்கிறது எது, சொல்லுங்க?"

"என் தம்பிதான்."

"ஐயோ பாவம், ராணுவத்துக்குப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னா?"

"அவனையா? அறுபத்தாறு வயசு, ஒரு காது கேக்காது" என்று சொல்லிவிட்டு, போஸ்டரைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மாலக்கியின் வீடு வயலுக்கு அப்பால் மேட்டில் இருக்கிறது. அவன் சமையலறையிலிருந்து பார்த்தால் தெரிகிறமாதிரி வாசல் கம்பத்தில் போஸ்டரைக் கட்டினாள். அன்று சாயங்காலமே கவுன்சிலரிடமிருந்து போன். "என்ன இது, அட்ராக்டா? கோல்மன் வீட்டு வாசல்ல வேண்டாமா? அவர் கல்லறைல புரண்டு படுப்பாரு!" என்று கத்தினார். கோல்மன் பேரை எடுத்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் கோல்மனுக்கும் அந்த ஓட்டு நாள் பிடிக்கும். வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, மச்சானோடு சீட்டாடி ஜெயித்த நாட்களில் படுக்கையில் விசிலடிப்பான். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஓட்டுக்கு முந்தின நாள் பென்ஷன் வாங்கத் தபால் நிலையத்துக்குப் போனாள். அங்கே வேலை செய்யும் ஊனாவுக்குத் தெரியாத சேதி அந்தத் திருச்சபை எல்லைக்குள் கிடையாது.

"உன் தம்பிக்கு என்னடி ஆச்சு?" என்றாள் ஊனா. "போன வாரம் பூரா சட்டையில வேண்டாம் பேட்ஜைக் குத்திக்கிட்டுத் திரிஞ்சானாம், சந்தையில பாத்தவங்க சொல்றாங்க. உங்க அப்பா காலத்துலேர்ந்து கட்சி பேச்சை மீறாத ஆளு!"

அட்ராக்டா பென்ஷனை எண்ணாமலே கைப்பைக்குள் போட்டாள். அவனும் வேண்டாமா? நிஜமாகவே யோசித்து முடிவு செய்தானா? மாலக்கியா? மாடு விற்பதற்கே மூன்று சந்தை யோசிப்பவன், கண்டம் பூராவுக்குமா யோசித்தான்? வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிப் போஸ்டரைக் கிழித்தாள். கவுன்சிலர் வைத்துவிட்டுப் போன தாளைத் தேடியெடுத்து ஜன்னலில் ஒட்டினாள். ஆமாம். சரி, ஆமாம். ஒட்டி முடித்த பிறகு, அவன் இதைப் பார்க்காவிட்டால் என்ன செய்வது என்று ராத்திரி பூராப் புரண்டாள்.

மறுநாள் காலை கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் மாலக்கி நிற்கிறான். முகம் மழித்து, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டு, மழை சொட்டச் சொட்ட. கோட்டில் ஒரு பேட்ஜ். ஆமாம்.

"உன் போஸ்டர் எங்க?" என்றான் அவன்.

"உன் கோட்டுல என்ன அது?" என்றாள் இவள்.

"ஆமாம். நீ வேண்டாம்னு தெரு பாக்கக் கட்டியிருந்தியே!"

"நீதான் சந்தை பூரா வேண்டாம்னு குத்திக்கிட்டுத் திரிஞ்சியாம்?"

"அது நீ ஆமாம்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தப்போ. உன் கட்சி ஆமாம்தானே? அப்புறம் போஸ்டரைப் பாத்தேன், கழட்டிட்டேன்." ஜன்னலில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தான். "இப்போ நீ என்ன?"

"ஆமாம்."

"நானும் ஆமாம்."

இரண்டு பேரும் வாசலில் அப்படியே நின்றார்கள். கை குலுக்கிய ஒப்பந்தப்படி இனி அவன் உள்ளே வரக் காரணம் இல்லை. அவரவர் காரில் ஏறி, ஓட்டுச்சாவடி வைத்திருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஏன் இப்படி மாற்றி மாற்றிக் கட்சி தாவினோம் என்று இரண்டு பேருக்கும் அந்தக் கணமே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்து சொல்லத்தான் இரண்டு பேருக்கும் வக்கில்லை.

"ஒருத்தர் மாறணும்" என்றாள் அட்ராக்டா. "உள்ள வாடா, நனையாத. டீ குடிச்சிட்டு முடிவு பண்ணலாம்."

ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தான். புத்தகத்தை நடுவில் வைத்தார்கள். அவள் வாசித்தாள், அவன் நல்ல காதைத் திருப்பிக்கொண்டு கேட்டான்.

"தகுதி பெற்ற பெரும்பான்மைன்னா என்னது?" என்றான்.

"ஜாஸ்தி பேர் சொன்னா சரிங்கறது."

"அப்போ எப்பவும் இருக்கிறதுதானே?"

"இல்ல, இது தகுதி பெற்ற ஜாஸ்தி."

"தகுதி பெறாத ஜாஸ்தின்னா நம்ம ஊரு" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாற்காலியில் அவன் காலையிலேயே தமாஷ் பேசியது அதுதான் முதல் தடவை.

நீ வேண்டாம் ஆகு என்று அவள் சொன்னாள். நீதான் முதலில் போஸ்டர் கட்டினாய், நீ ஆகு என்று அவன் சொன்னான். சரி என்று அவள் வேண்டாம் ஆனாள். சாப்பிடும்போது அவன், நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது, நானும் வேண்டாம் என்றான். பழையபடி ஆரம்பத்துக்கே வந்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் வாசலில் கார் ஹாரன். கவுன்சிலர் கில்ஹூலி கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். "ஜன்னலைப் பாத்தேன், அட்ராக்டா! நல்லது! அட, மாலக்கியும் இங்கதானா? வாங்க, வாங்க, ரெண்டு பேரையும் நானே கொண்டுபோய் விடறேன். ரெண்டு ஆமாம்!"

மாலக்கியின் கை கோட்டின் மேல் போனது. பேட்ஜைக் கழற்றி, வேறு இடம் தோன்றாமல் டீக் கோப்பைக்குள் போட்டான்.

"நான் வேண்டாம்" என்றான். "தீர்மானமா வேண்டாம்."

"அவன் ஒரே பிடிவாதம்" என்றாள் அட்ராக்டா. "நான் எப்படி வர முடியும்? நான் கிளம்பினா அவனும் கிளம்பிடுவான்."

"அட்ராக்டா, உங்க ஒரு ஓட்டு..."

"கழிஞ்சு போச்சு, கவுன்சிலர். ஆப்பிள் பை வேணும்னா எடுத்துக்குங்க."

கவுன்சிலர் ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் சீட்டு விரித்தார்கள். மாலக்கி சீட்டைப் பார்த்தபடியே இருந்தான், இறக்கவில்லை. "அன்னிக்கு அப்பாவைத் தூக்கும்போது கோல்மனைக் கூப்பிட்டிருக்கணும்" என்றான். "கட்சி ஆளுங்க எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. என்ன பண்றதுன்னு எனக்குப் புரியல."

அட்ராக்டா தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். எத்தனை வருஷமாக இந்த வாக்கியத்துக்குக் காத்திருந்தாள். வந்தபோது கோபம் வருமென்று நினைத்திருந்தாள். அழுகைதான் வந்தது. "கோல்மனைத் தூக்கும்போது நான் உன்னைக் கூப்பிட்டிருக்கணும், மாலக்கி. நீ கல்லறை வாசல்லயே நின்ன. எனக்கும் புரியல."

"சீட்டை இறக்கு" என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

பத்தடித்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவன் எழுந்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வாடா என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. நாற்பது வருஷத்துப் பழக்கம் அதை அங்கேயே பிடித்து நிறுத்திவிட்டது. "நியாயமா முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு அவன் போனான். அவள் கோப்பையிலிருந்து பேட்ஜைக் கரண்டியால் எடுத்துக் கழுவி, அலமாரியில் நல்ல தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த ஓட்டு எப்போது என்று யோசித்தாள்.

மறுநாள் ஓட்டு எண்ணிக்கை. நாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சனிக்கிழமை தபால் நிலையத்தில் ஊனா கொதித்துக்கொண்டிருந்தாள். "அநியாயம் பாருடி! நாம வேண்டாம்னு சொல்லிட்டோமாம், சரியாப் புரியாம சொல்லிட்டோமாம். பாத்துக்கிட்டே இரு, திரும்ப நம்மகிட்டயே வந்து இதையே கேக்கப் போறாங்க!"

"இதையேவா?" என்றாள் அட்ராக்டா. "நிஜமாவா?"

"ஒனக்கென்னடி இவ்வளவு சந்தோஷம்?"

அட்ராக்டா தபால்தலைக்குக் கொடுத்த காசின் மீதியைக்கூட வாங்காமல் வெளியே வந்தாள். மாலக்கி மேட்டு வேலியில் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். வயல் ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு, ஈரப் புல்லில் செருப்பு அழுந்த நடந்து, கற்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினாள், அவனுடைய நல்ல காதுப் பக்கமாக.

"மறுபடியும் கேக்கப் போறாங்களாம்டா!"

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். "அதே கேள்வியா?"

"அதேதான். நாமதான் இன்னும் முடிவே பண்ணலையே. நாளைக்குச் சாப்பிட வா, இப்பவே ஆரம்பிச்சாத்தான் முடியும்."

"ஒரு ஞாயித்துக்கிழமைல முடியற காரியமா அது?"

"முடியலேன்னா அடுத்த ஞாயிறும் வா."

மாலக்கி தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தான். சுத்தியலைத் திரும்ப எடுத்தான். பிறகு, "அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுடாத" என்றான்.

"எப்படிடா போடுவேன்?" என்றாள் அட்ராக்டா. "இன்னும் மூணாம் பக்கமே தாண்டலையே."