ஒரு பிடி புள்ளிப் போஞ்சி

போத்தலைச் சுளகில் கவிழ்த்ததும் முதலில் கொட்டியது மாவுதான். புள்ளிப் போஞ்சி விதை அப்புறம்தான் வந்தது. ஜீவராணி ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள், ஓட்டை. இன்னொன்றை எடுத்தாள், அதிலும் ஓட்டை. ஓட்டையில்லாமல் ஒன்றாவது தேறாதா என்று விரலால் அளைந்து அளைந்து தேடினால், குட்டிக் குட்டி வண்டுகள்தான் வெளிச்சம் பிடிக்காமல் ஓடின. சனியன்கள், நன்றாகத் தின்று கொழுத்திருந்தன. காலையிலிருந்து தேயிலை மலையில் மழையில் நின்று கொழுந்து பறித்துவிட்டு வந்திருந்தவளுக்கு உட்கார்ந்து அழக்கூடத் தெம்பில்லை.

தோட்டத்துப் பழைய லயத்தில், வரிசை வீட்டுக் காம்பராவில் இருந்தவரை இந்தத் தொல்லை கிடையாது. விதையைத் துணியில் முடிந்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் போதும். புகை அடித்து அடித்து முடிச்சு கறுத்துப்போகும், ஒரு பூச்சி கிட்டே வராது. யாரும் அதை ஒரு வேலையாக நினைத்துச் செய்ததில்லை. அந்த ஒற்றை அறையில் புகைக்குப் போக வேறு வழியில்லை, அவ்வளவுதான். புது வீட்டில் கேஸ் அடுப்பு. வெள்ளையடித்த சுவர் கறுத்துவிடக் கூடாதென்று விறகை வாசற்படி தாண்ட விடவில்லை அவள். விதையையும் துணியிலிருந்து பிரித்து, கழுவிய ஜாம் போத்தலில் போட்டு, பார்வையாகச் சுவர்த் தட்டில் வைத்தாள். பெரிய வீட்டுக்காரி ஆகிவிட்டாளல்லவா! இப்போது தன் கன்னத்தில் தானே ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

கணவன் கஜேந்திரன் நோர்வூட் கடையில் வாங்கி வந்த காகித விதைப் பக்கெட்டுகளைச் சுளகின் ஓரத்தில் வைத்தான். மேலே இருந்த படத்தில் போஞ்சிக் காய்கள் அளவெடுத்து வெட்டினது மாதிரி வரிசையாக இருந்தன.

"இதப் போடு புள்ள. சுருக்கா காய்க்குமாம்."

"காய்ச்சு முடிஞ்ச பொறகு? அதுல வெதை எடுக்கலாமா?"

"எடுத்தா சரியா வராதாம். இன்னொரு பக்கெட்டு வாங்கிட்டா போச்சு. கடைக்காரன் எங்க ஓடிறப் போறான்?"

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஃபெக்டரி வேலை முடிந்து வந்து, வீட்டோடு கிடைத்த ஏழு பேர்ச் துண்டு நிலத்தில் கல் பொறுக்கியே அவன் முதுகு ஒடிந்திருந்தது. பாத்தி இன்றைக்குத்தான் தயாராகியிருந்தது. நாளை ஞாயிற்றுக்கிழமை லீவு, அப்போதே போட்டுவிட வேண்டும் என்று நின்றான். ஆனால் பக்கெட் போஞ்சியின் சங்கதி அவளுக்குத் தெரியும். மருந்தடிக்காமல் இரண்டு நாள் பனிமூட்டத்தில் விட்டால் சுருண்டுவிடும். புள்ளிப் போஞ்சி அப்படியில்லை. சவுக்குக் குச்சியோ கம்பி வேலியோ, கிடைத்ததைப் பிடித்து ஏறிக்கொள்ளும். பிஞ்சில் பொரியல், முற்றினால் கொட்டையை உடைத்துக் கறி. சாமான் விலை ஏறி அரிசிக்கே அல்லாடிய வருஷத்தில் பிள்ளைகள் இரண்டும் பட்டினி கிடக்காமல் பள்ளிக்கூடம் போனது அந்தக் கொடியால்தான். பரம்பரையில் ஒருத்தருக்கும் வாய்க்காத சொந்த மண். அதில் முதல்முதலாக அதைத்தான் ஊன்ற வேண்டும் என்று ஒரு வருஷமாக மனதுக்குள் வைத்திருந்தாள்.

"ஜோசப்பின் அக்காகிட்ட இருக்கும்," என்றாள்.

கஜேந்திரன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "கேட்டா குடுத்துருவாங்களா? போய் மூஞ்சில அடி வாங்கிட்டு வா."

ஜோசப்பின் பழைய லயத்தில் அடுத்த காம்பரா. இருபது வருஷம் ஒரே சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து கொத்தமல்லித் தண்ணி வரும். கந்தப்பளையிலிருந்து கல்யாணமாகி வந்தபோது புள்ளிப் போஞ்சியைப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தவள் அவள்தான். ஜீவராணிக்கு ஒரு பிடி கொடுத்ததும் அவள்தான். அரசாங்கம் கொடுத்த தனி வீட்டுப் பட்டியலில் இவர்கள் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. கஜேந்திரன் தொழிற்சங்கத் தலைவர்மாரைப் பிடித்துக் காரியம் சாதித்துவிட்டான் என்று யாரோ அவள் காதில் ஊதிவிட்டார்கள். புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றைக்கு ஜோசப்பின் வரவில்லை. கொழுந்து மலையிலும் வேறு நிரைக்கு மாறிக்கொண்டாள். ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஜீவராணி பழைய லயத்துக்கு இறங்கினாள். முழங்கால் ஒவ்வொரு படிக்கும் முனகியது. லயத்தின் பின்பக்கத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஜோசப்பினின் மரக்கறிப் பாத்திகளைக் காணோம். வேலி பிடுங்கப்பட்டு, நிலம் முழுக்க வரிசையாகக் குழி வெட்டிக் கிடந்தது.

ஜோசப்பின் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வாங்க, வாங்க. வீட்டுக்காரவங்கல்லாம் காம்பரா பக்கம் வந்திருக்கீங்க."

அந்த மரியாதை ஜீவராணிக்குச் சுருக்கென்றது. மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட இஸ்தோப்புத் திண்ணையில் நின்றவளைப் பார்த்துவிட்டு ஜோசப்பினே நகர்ந்து வழி விட்டாள்.

"சரி, நனைஞ்சுகிட்டு நிக்காதடி. உள்ள வா."

உள்ளே அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் உடம்பு தானாகத் தளர்ந்தது. "பின்னாடி என்னக்கா, பாத்தியெல்லாம்?"

"தேயிலக் கன்னு வைக்கப் போறாங்களாம். தோட்டத்து நெலம், அவங்க எடுத்துக்கிட்டாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி? நீ வந்து மறிச்சிருப்பியா?" என்றபடி ஜோசப்பின் தட்டில் சோறு போட்டு, சட்டியிலிருந்து கறியை அள்ளி ஊற்றி நீட்டினாள். "தின்னுட்டுப் பேசு. மூஞ்சி செத்துப்போய்க் கெடக்கு."

பசி ஜீவராணியை யோசிக்க விடவில்லை. இரண்டு கவளம் உள்ளே போன பிறகுதான் நாக்குக்கு உறைத்தது. மாவு மாதிரிக் கரைகிற கொட்டை, கூடவே லேசான புகை வாசம். வெந்ததில் புள்ளியெல்லாம் மறைந்து கொட்டை ஒரே பழுப்பாக இருந்தது.

"அக்கா, இது..."

"நம்ம போஞ்சிதான். வெதைக்கு வச்சிருந்தது. இன்னைக்கு அம்புட்டையும் அவிச்சுட்டேன்." ஜோசப்பின் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஊன்ற எடமில்ல, தலைக்கு மேல முடிச்சு மட்டும் தொங்கிக்கிட்டே இருக்கு. பாக்கப் பாக்க வயித்தெரிச்சலா இருந்துச்சு. அதான் நீ இருக்கியேன்னு நெனச்சேன்."

"நானா?"

"பின்ன? ஒம்மேல எனக்கு ஆயிரம் கோவம் இருக்கட்டும். வெதை ஓங்கிட்ட பத்திரமா இருக்கும்ல. என்னைக்காவது எனக்கும் ஒரு துண்டு மண்ணு கெடச்சு, ராணி ஒரு பிடி குடுன்னு வாசல்ல வந்து நின்னா, இல்லேன்னா சொல்லப் போற?"

இந்த ஒரு பேச்சுக்காகத்தானே ஜீவராணி ஒரு வருஷம் ஏங்கினாள்! முகம் கொடுத்துப் பேச மாட்டாளா, பழையபடி அதட்ட மாட்டாளா என்று மலையில் எத்தனை நாள் அந்த நிரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பாள்! இப்போது 'இருக்குக்கா' என்று ஒரு சொல் சொன்னால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். பக்கெட்டைக் கிழித்து ஊன்றிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். அக்கா வந்து கேட்கும் நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். எங்கே வரப்போகிறது அந்த நாள்? ஆனால் அக்கா போட்ட சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடமே பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எங்கிட்ட இல்லக்கா."

"என்னது இல்ல?"

"வெதை. வண்டு தின்னுருச்சு. ஒன்னுகூட மிஞ்சல. ஓங்ககிட்ட கேக்கத்தான் வந்தேன். ஓங்ககிட்ட இருக்கும்னு நானும் அசட்டையா இருந்துட்டேன்."

ஜோசப்பின் கரண்டியைக் கீழே வைத்தாள். கொடிக்கயிற்றில் கிடந்த, விதை முடிந்திருந்த கறுத்த துணியை எடுத்து உதறினாள், கரிதான் உதிர்ந்தது. உட்பக்கத்தைப் புரட்டிப் போட்டுத் தையலோரமெல்லாம் நகத்தால் தேடினாள். அப்புறம் சட்டிக்குள் கைவிட்டு, சூட்டையும் பாராமல் ஒரு கொட்டையை எடுத்தாள். விரல்களுக்கு நடுவே அது நசுங்கி வழிந்தது.

"கந்தப்பளையில, ஓங்க அண்ணன் வீட்டுல?" என்றாள் ஜீவராணி.

"அண்ணன் எப்பவோ பக்கெட்டுக்கு மாறியாச்சு. போன வருஷம் இந்த வெதை கேட்டு எங்கிட்டதான் ஆள் விட்டுச்சு." விரலைப் பாவாடையில் துடைத்தாள். "நானும் தாரேன் தாரேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

கூரைத் தகரத்தில் மழை விடாமல் அடித்தது. திட்டுவாள், இல்லை அழுவாள் என்று ஜீவராணி காத்திருந்தாள். ஜோசப்பின் எழுந்து தனக்கும் ஒரு தட்டு எடுத்துவந்து, அவளுக்குப் பக்கத்தில், தோள் உரச உட்கார்ந்தாள்.

"தின்னுடி. ஆறிரப் போவுது."

சட்டியைச் சாய்த்து, இருந்ததை இரண்டு தட்டிலும் சமமாக வழித்துப் போட்டாள். ஜீவராணி சோற்றை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கொட்டையை எடுத்து வாயில் வைத்தாள். ஜோசப்பினும் ஒன்றை எடுத்தாள். அடுப்பு அணையத் தொடங்கியிருந்தது. விறகைத் தள்ளிவிட இருவரில் யாரும் எழவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, மெல்ல மென்றுகொண்டிருந்தார்கள்.