பற்றிஸுக்கு அடுத்த பெயர்

"அங்கிள், மிக்ஸிங் செய்தது நானெண்டு என்ர பேரைப் போடுங்கோ."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வீட்டின் முதல் பட்டதாரி இருக்கிற வேலையையும் தொலைத்துவிடுவாளோ என்ற பயம் அவளுக்கு. டெல்சி கேட்டேவிட்டாள்.

கொட்டாஞ்சேனையில் ரெனால்ட் அங்கிள் வீட்டுப் பின்னறைதான் ஸ்டூடியோ. சுவரெல்லாம் பழைய மெத்தை. மாதா கோயில் பாடகர் குழுவின் பாட்டுகளில் பஸ் ஹோர்னைத் துடைத்தெடுத்து, குரல் குரலாகச் சமன் செய்தவள் அவள். கடைசியில் சத்தத்தைக் கூட்டிவிட்டு, 'மிக்ஸிங், மாஸ்டரிங்: ரெனால்ட்' என்று போட்டுக்கொள்பவர் அவர்.

"உன்ர பேரும் இருக்கு பிள்ளை, பார்." பாட்டுகளின் பெயர்ப் பட்டியல் இருந்த போனை நீட்டினார்.

இருந்ததுதான். நன்றி என்ற தலைப்பின் கீழ், 'தேத்தண்ணிக்குப் பற்றிஸ் தந்த ஷெரோமி அன்ரி'க்கு அடுத்ததாக, வெறுமனே 'டெல்சி'.

"பற்றிஸ் பொரிச்சவ என்ன செய்தாவெண்டு போட்டிருக்கிறியள். நான் என்னத்தைப் பொரிச்சனான்?"

"பொம்பிளைப் பிள்ளை மிக்ஸ் பண்ணினதெண்டா ஆர் நம்புவினம்? வாயடிக்காமல் கடைசிப் பாட்டை முடி. ஞாயிறு பூசைக்குப் பிறகு வெளியிடோணும்."

"நீங்கள் பண்ணினதெண்டுதானே போட்டிருக்கு. பண்ணுங்கோ."

அவள் தன் ஹெட்போனைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். அவர் சிரித்தார். அவள் எழும்பியதும் சிரிப்பு நின்றது.

"அம்மாவுக்குக் கோல் எடுப்பன்!"

"எடுங்கோ."

அம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. டெல்சி செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கினாள்.