மண் காய்ந்ததும் வருவார்

கார்மேகம் பெய்து ஓய்ந்திருந்தது. கோடை முழுதும் வாய்பிளந்து கிடந்த வயல்கள் இப்போது நீர் பருகிய நிறைவில் கண்மூடிக் கிடந்தன. வரப்பின்மேல் ஈரக்காற்று மெல்ல நடந்தது. மண்ணின் மணம், திருமுன் புகையும் அகில் போல, ஊரெங்கும் கனத்து நின்றது. நிலமகள் நீராடி விதைக்காகக் காத்திருந்த பொழுது அது. நெடிது நிற்கும் பொழுதன்று. வெயில் ஏற ஏற ஈரம் இறங்கிவிடும்.

அதனாலேயே விவசாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உழவு முடிந்தது, விதைமூட்டையும் வந்தாயிற்று. மானியம்தான் குறுக்கே நின்றது. விதைக்குமுன் வெறும் நிலத்தை அதிகாரி நேரில் கண்டு படமெடுக்க வேண்டும் என்பது இவ்வாண்டின் புதுவிதி. முந்தி விதைத்தால் மானியம் கிடையாது. மானியம் இல்லையேல், கருகிப்போன கிணற்று மோட்டாருக்குப் புதுக் கம்பிச்சுருள் கட்ட வழியில்லை.

அவன் வேளாண் அலுவலகத்துக்குப் போனபோது எழுத்தர், காகிதங்கள் பறவாதிருக்க விதைப்புட்டிகளை அவற்றின்மேல் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

"அதிகாரி சாரு எப்பங்க வருவாரு?"

"வரணும்னுதான் இருக்காரு. ஜீப் சேத்துல சிக்கிக்குதே! மண்ணு காஞ்சதும் முதல் வேலையா உங்க வயலுக்குத்தான்."

"காஞ்சப்புறம் நான் எங்க சார் விதைக்கிறது? உங்க மேசை மேலயா?"

"என்கிட்ட கத்தி என்ன புண்ணியம்? மேலிடத்து உத்தரவு."

"அப்படியே மழைக்கும் மேலிடத்துலேர்ந்து ஒரு உத்தரவு போட்டுடுங்க!"

எழுத்தர் ஒரு புட்டியை நகர்த்தி வைத்தார்.

வயலில் அண்ணி காத்திருந்தார். அண்ணன் மறைந்தபின் நிலத்தில் பாதி அவருடையது; நாவின் காரம் முழுவதும் அவருடையதே.

"என்ன தம்பி, சர்க்காரக் கரைச்சிட்டு வந்துட்டீங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணி. அதிகாரிக்கே போன் போட்டேன். ரோட்டுலேர்ந்து நடந்து வாங்கன்னேன், முடியாதாம். சரி, தோள்ல தூக்கிட்டு வர்றேன்னேன். விதியில இடமில்லையாம்!"

அண்ணி சிரித்த சிரிப்பில் வரப்புக் கொக்கு பறந்துபோயிற்று. அவனுக்கோ சிரிப்பு வரவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கினான். உருண்டை பிடித்தது, விரல் பட்டதும் ஓரங்கள் உதிர்ந்தன. நாளைக்கு உருண்டையே பிடிக்காது.

"இன்னிக்கு விட்டா ஈரம் போச்சு அண்ணி. விதைச்சா மோட்டார் போச்சு. ரெண்டு பக்கமும் கழுத்தப் பிடிச்சா மனுசன் என்னதான் பண்றது?"

"முளைக்காத பயிருக்கு மோட்டார் எதுக்கு தம்பி?" என்றார் அண்ணி. இப்போது அவர் குரலில் கேலி இல்லை. "முதல்ல முளைக்கட்டும். தண்ணிக்கு அப்புறம் அலைவோம்."

அவன் சாலையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். வெறிச்சோடிக் கிடந்தது. பெருமூச்சோடு மூட்டையின் கட்டை அவிழ்த்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினான். முதல் பிடி விதையை இரு கைகளிலும் ஏந்தி, நெற்றியில் ஒற்றி, கண்மூடி நின்றான். உதடுகள் அசைந்தன, ஒலி எழவில்லை. பிறகு கை விரிந்தது. விதை மண்ணைச் சேர்ந்தது.

அண்ணி அதன்மேல் மண்ணைத் தள்ளி மூடி, உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

"நல்லா வளர்ந்து வா, தாயி. தின்ன வர்ற குருவிக்கும், வராத அதிகாரிக்கும் வயிறு நிறையட்டும்."