ஏழாவது கையெழுத்து

எங்கள் அறக்கட்டளையின் இணையதளத்தைத் திறந்தால் முதலில் தெரிவது, சித்தன்னவாசல் குகை வாசலில் இடுப்பில் கைவைத்து நிற்கும் செயலாளர் ஜெரோம் சார். சித்தன்னவாசலுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கீரனூர் பக்கத்தில் ஆய்வக உதவியாளர் பயிற்சி நடத்துகிறோம், அவ்வளவுதான். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'ஆய்வகப் பயிர்ச்சி மையம்' என்று இருக்கும். மூன்று வருடமாக இருக்கிறது. விவசாயி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, நிலக்கடலைக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று போன் செய்து கேட்டார்.

நான் ஷெரின், அங்கே கம்ப்யூட்டர் டீச்சர். இணையதளமும் என் தலையில்தான். மேலே இருப்பவர்கள் எழுதிக் கொடுப்பதை ஏற்றுவேன். 'பயிர்ச்சி' ஜெரோம் சார் கைப்பட எழுதிக் கொடுத்தது. தப்பு என்று சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார்.

போன ஜூலை இருபத்திரண்டாம் தேதி, அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவும் மகளும் இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார்கள். அம்மா உண்ணாமலை. மகள் சொர்ணவல்லி, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். விடுதியோடு சேர்த்துக் கட்டணமில்லாமல் படிக்க எங்களிடம் பத்து இடம் உண்டு, அதற்குத்தான் விண்ணப்பம்.

"சேர்க்கை பதிமூணாந் தேதியோட முடிஞ்சிருச்சேம்மா" என்றேன்.

"வெப்சைட்ல முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்குங்களே" என்று உண்ணாமலை போனை நீட்டினார். "எங்க வீட்டுக்காரரு குவைத்துல டிரைவரா இருக்காருங்க. அங்கிட்டு இருந்து தெனமும் பாத்துச் சொல்லுவாரு. வருமானச் சான்று முந்தாநேத்துதான் கெடச்சுது. முப்பத்தொண்ணு வரைக்கும் இருக்குல்லன்னு தைரியமா இருந்தோம்."

பார்த்தேன். 31 என்றுதான் இருந்தது. 13-ஐத் திருப்பிப் போட்டிருந்தது வேறு யாருமில்லை, நான்தான்.

"இங்க கெடைக்கலைன்னா திருப்பூர் பனியன் கம்பெனிதான் டீச்சர்" என்றாள் சொர்ணவல்லி. அழவில்லை. பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொன்னாள். "ஆள் கூட்டிட்டுப் போற வேன்காரரு ரெண்டு தடவ வீட்டுக்கு வந்துட்டாரு. ஆகஸ்ட் ஒண்ணாந் தேதி வண்டி."

இருவரையும் உட்கார வைத்துவிட்டு ஜெரோம் சாரிடம் போனேன். தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். பத்தில் ஓர் இடம் இன்னும் காலியாக இருப்பதையும் சொன்னேன். அதை யாரோ ஒரு பெரிய மனிதரின் சிபாரிசுக்காக அவர் ஒதுக்கி வைத்திருந்தார். அப்படி ஒதுக்குவதற்குக் கடைசித் தேதி எதுவும் கிடையாது.

"யாரு தப்புங்கறது முக்கியமில்ல ஷெரின்" என்றார் பெருந்தன்மையாக. நான் அடித்த தேதியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் அவர். "இனிமே இப்படி நடக்கக் கூடாது. வெப்சைட்டுக்கு ஒரு பாலிசி வேணும். எழுதிக் கொண்டாங்க. நாளன்னிக்குக் கமிட்டி."

"இந்தப் பொண்ணு சார்?"

"மொதல்ல பாலிசி வரட்டும்."

விண்ணப்பத்தை வாங்கி, தேதி முத்திரை குத்தி, ஒப்புகைச் சீட்டு கொடுத்து அவர்களை அனுப்பி வைத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் யார் பொறுப்பு, யார் சரிபார்ப்பது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது, தப்பு தெரிந்தால் எத்தனை மணி நேரத்தில் திருத்துவது. எனக்கே பெருமையாக இருந்தது.

கமிட்டியில் ஆறு பேர். ஜெரோம் சார், முதல்வர் மணிமேகலை மேடம், தலையாட்டுவதற்கென்றே வரும் நான்கு உறுப்பினர்கள். பஜ்ஜி வந்தது. அட்டவணையின் முதல் வரியைப் படித்ததும் மேடத்தின் முகம் சிவந்தது.

"என்னது இது? 'சேர்க்கைப் பக்கம்: மணிமேகலை, பொறுப்பு'?"

விவகாரம் இதுதான். மேடம் ஆறு வருடமாக 'முதல்வர் (பொ)'. அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'பொ'வுக்குப் பொறுப்பு என்று பொருள். நிரந்தர முதல்வர் வரும்வரை நாற்காலியைச் சூடாக வைத்திருப்பவர். கதவில் பொ, லெட்டர்பேடில் பொ, ஆண்டு விழா அழைப்பிதழில்கூட பொ. இணையதளத்தில் மட்டும் நான் ஏற்றும்போது அது விட்டுப்போய், அவர் அங்கே முழு முதல்வராக விளங்குகிறார். தெரிந்தும் நான் திருத்தவில்லை. தீபாவளிக்கு எனக்கு மட்டும் அதிரசம் வரும்.

"ஆபீஸ்லதான் பொறுப்பு. வெப்சைட்லயுமா என்னயப் பொறுப்பாக்குவீங்க?"

"மேடம், இது அந்தப் பொறுப்பு இல்ல. தப்பு வந்தா பதில் சொல்ற பொறுப்பு."

"அது இன்னும் மோசம்" என்றார்.

மற்றவர்களும் தங்கள் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் பதறினார்கள். கடைசியில் 'பொறுப்பு' என்ற சொல்லையே அடித்துவிட்டு, 'பக்கத் தலைவர்' என்று எழுதினார்கள். ஆறு பக்கம், ஆறு தலைவர்கள். பொறுப்பு யாருக்கும் இல்லை. எல்லோரும் நிம்மதியாக அடுத்த பஜ்ஜியை எடுத்தார்கள்.

அடுத்து ஜெரோம் சார் தன் விதியைச் சொன்னார். திருச்சியில் இருக்கும் அவருடைய மச்சான் அருள்மணி, வாட்ஸ்அப் குழுவில் தானும் செயலாளர் என்று போட்டுக்கொண்டு திரிகிறார். இரண்டு வருடத் தகராறு. "எழுதிக்கங்க. நம்ம வெப்சைட்ல என்ன இருக்கோ அதுதான் இறுதியானது. எந்தக் காரணத்துக்காகவும் அதுக்கு மாறா யாரும் நடக்க முடியாது. செயலாளருங்கற எடத்துல என் பேரு இருக்குல்ல? முடிஞ்சு போச்சு."

மேடம் விடுவாரா? அந்த 'பொ' திரும்பி வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. "அப்படின்னா ஏற்கெனவே போட்டத ஒரு எழுத்துக்கூட சும்மா மாத்தக் கூடாது. ஏழு பேரு கையெழுத்து வேணும்."

"நாம ஆறு பேருதானே?"

"ஏழாவதா ஒரு தமிழறிஞரப் போட்டுக்குவோம். கௌரவமா இருக்கும்."

"யாரு?"

"பாக்கலாம்."

நான்கு தலைகளும் ஆடின. செய்திப் பக்கத்தில் புதிதாக ஏற்ற மட்டும் செயலாளர் கையெழுத்தே போதும் என்று ஜெரோம் சார் ஒரு வரி சேர்த்துக்கொண்டார், அவர் படங்கள் தாமதமாகக் கூடாதல்லவா. என் மூன்று பக்கம் ஒரு பக்கமாகச் சுருங்கியிருந்தது. தப்பைத் திருத்தும் மணிக்கணக்கெல்லாம் போயே போய்விட்டது. எனக்கு அழுகை முட்டியது. அந்த ஒரு பக்கத்தைச் சுத்தமாக அடித்துக் கொடுக்கும்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். படித்ததும் அழுகை நின்றது.

"சார், எப்பலருந்து அமல்னு போடட்டும்?"

"இன்னிலருந்தேதான். அருள்மணிக்கு ஒரு காப்பி அனுப்புங்க."

ஆறு கையெழுத்தும் விழுந்தன. ஏழாவது இடத்தில் காலிக் கோடு.

மறுநாள் சொர்ணவல்லியின் விண்ணப்பத்தை ஜெரோம் சார் மேஜையில் வைத்தேன்.

"சேர்க்கைதான் பதிமூணோட முடிஞ்சு போச்சே."

"வெப்சைட்ல முப்பத்தொண்ணுதான் சார் இருக்கு. வெப்சைட்ல இருக்கறதுதான் இறுதி."

"அப்ப இப்பவே பதிமூணுன்னு மாத்துங்க."

"மாத்திரலாம் சார். ஏழு கையெழுத்து வேணும். ஏழாவது ஆள் இன்னும் யாருன்னே முடிவாகல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் செயலாளர் சொல்றேன்ல?"

"நீங்கதான் செயலாளருன்னு சொல்றதே அந்த விதிதானே சார். இதுல மீறிட்டோம்னு தெரிஞ்சா, அங்கிட்டு அருள்மணி சார் சும்மா இருப்பாங்களா? காப்பி வேற அனுப்பிட்டோம்."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பெரிய மனிதரின் சிபாரிசு ஒருபக்கம், மச்சான் ஒருபக்கம். மச்சான்தான் ஜெயித்தார். கையெழுத்து விழுந்தது. வெளியே வந்து உண்ணாமலைக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் வந்தது. அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி அந்த வேன் சொர்ணவல்லி இல்லாமல் போயிற்று.

ஜெரோம் சார் தோற்றதாகக் காட்டிக்கொள்வாரா? அடுத்த வாரமே அந்தப் பெண்ணுக்குத் தான் சேர்க்கைக் கடிதம் கொடுப்பதாகப் படம் எடுத்தார். என்னிடம் பாஸ்வேர்டு வாங்கி, செய்திப் பக்கத்தில் தன் கையாலேயே ஏற்றினார். 'நமது இணையதளத்தின் வெற்றி! குவைத்தில் இருந்து பார்த்த தந்தை! செல்வி சொர்ணவள்ளி நம் பயிர்ச்சியில் சேர்ந்தார்!'

மாலையில் அவள் ஆய்வகத்து வெள்ளைக் கோட்டுடன் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், எம்பேரு வல்லி. வள்ளின்னு போட்டிருக்காங்க. அப்பா பாத்துட்டுப் போன் பண்ணாரு."

"சின்ன எழுத்துதானே, விடும்மா" என்று சிரித்தேன்.

"இல்ல டீச்சர், கிளார்க்கும் ரெஜிஸ்டர்ல வள்ளின்னே மாத்திட்டாரு. எம் மார்க் சீட்டக் காட்டினேன். வெப்சைட்ல இருக்கறதுதான் இறுதியாம், சர்டிபிகேட்டும் அந்தப் பேருலதான் வருமாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், எங்கள் சான்றிதழில் இன்னொரு பெயர் என்றால் எந்த ஆஸ்பத்திரியில் வேலை கொடுப்பார்கள்? அந்த ஓர் எழுத்தை நான் நினைத்தால் அரை நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஆனால் மேடம் தினமும் காலையில் தன் பெயரைப் பார்ப்பதற்காகத் தளம் முழுவதையும் பார்க்கிறார். கையெழுத்தில்லாமல் ஓர் எழுத்து மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார். விதி செல்லாது என்று ஆகிவிட்டால் அந்த 31-ம் செல்லாது. 31 செல்லாவிட்டால் இவள் இடமும் செல்லாது.

அவள் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"சர்டிபிகேட் வர ரெண்டு வருசம் இருக்கும்மா" என்றேன். "அதுக்குள்ள ஏழாவது ஆளப் புடிச்சிரலாம்."

அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். புதுக்கோட்டையில் தமிழறிஞர்களுக்குப் பஞ்சமில்லை. நான்கு பேரைக் கையோடு அழைத்துப்போய்க் கமிட்டி முன் நிறுத்தினேன். நான்கு பேரும் உட்காருவதற்கு முன்பே முதல் பக்கத்தைப் பார்த்து, "பயிற்சிக்கு இந்த எழுத்து வராதே" என்றார்கள். நான்கு பேரும் தகுதியில்லாதவர்கள் என்று ஜெரோம் சார் சொல்லிவிட்டார்.